ஓடைக்குக் கிழக்கே குடியிருப்பு இல்லை

"ஓடைக்குக் கெழக்க குடியிருப்பு இல்லன்னு போட்டிருக்கு. இது நீங்க வரைஞ்ச படந்தானே டீச்சர்?"

வருவாய் ஆய்வாளர் பிரேம்குமார் ஏரிக்கரை மேல் நின்று இதைக் கேட்டபோது காலை பதினொன்றே கால் மணி. மூன்று நாளாக விடாத மழை. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த தாளை என் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். படம் என்னுடையதுதான். கீழே 'ப. வெற்றிச்செல்வி, தலைமையாசிரியை, ஆலநத்தம்' என்று முத்து முத்தாக என் கையெழுத்து.

எங்கள் ஏரியின் கரை மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கிலோமீட்டர் நீளம். மேற்குக் கோடியில், கரைக்குக் கீழே, ஆலநத்தம். நானூற்றுச் சொச்சம் வீடு, அதில் ஒன்று என்னுடையது. கிழக்குக் கோடியில் ஓடை, ஓடையைத் தாண்டினால் சீமைக்கருவேலங்காடு. இந்தப் பக்கம் பெரம்பலூர் மாவட்டம், காட்டுக்கு அந்தப் பக்கம் அரியலூர் மாவட்டம். கரிசல் மண்ணில் போட்ட கரை. மேற்கே மதகுக்குப் பக்கத்தில் அன்று விடிந்ததிலிருந்து மண் சரிந்துகொண்டே இருந்தது. மணல் மூட்டை போடப் போட உள்ளே போனது. அங்கே உடைந்தால் ஆலநத்தம் இல்லை. அதனால் கிழக்குக் கோடியில் நாமே கரையை வெட்டி, தண்ணீரை ஓடைக் காட்டுக்குள் விட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது. பாடாலூரிலிருந்து வந்த ஜேசிபி கரைமேல் ஏறி உறுமிக்கொண்டு நின்றது. தண்ணீர் போகிற வழியில் ஆள் இருக்கிறார்களா என்ற கேள்வி ஒன்றுதான் பாக்கி.

இல்லை என்றது படம்.

"நான் இந்தப் பக்கம் மாத்தலாகி வந்து இருபது நாளுதான் ஆவுது. இந்தக் காட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொன்னா வெட்டச் சொல்லிடுவேன்," என்றார் பிரேம்குமார்.

கரையில் எங்கள் ஊர்க்காரர்கள் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. ஊர்ப் பெரியதனக்காரர் அய்யம்பெருமாள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஏரியையே பார்த்தார். சரி, அவர்களை ஏன் சொல்ல வேண்டும்? நானும்தான் வாயைத் திறக்கவில்லை. அப்படி எத்தனை நொடி நின்றேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது, சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

கோடையில் வீட்டுக் கணக்கெடுப்புக்கு என்னைப் போட்டிருந்தார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வேலையைத் தொடங்கும் முன் நோட்டில் பென்சிலால் ஊரையே வரைந்துகொண்டேன். தெருவுக்கு ஒரு கோடு, வீட்டுக்கு ஒரு கட்டம். ஏரிக்கரை மேல் நடந்து கிழக்கே போனபோது காட்டுக்குள் கூரை தெரிந்தது. ஓடைமேடு. அதையும் கட்டம் போட்டுக்கொண்டுதான் கீழே இறங்கினேன்.

இறங்கியதும் எதிரே வந்து நின்றவள் வேம்பு. ஐம்பது வயதிருக்கும். பருத்தி எடுக்க, மக்காச்சோளம் முறிக்க எங்கள் ஊருக்குத்தான் வருவாள். ஒரு சொம்பு நீர்மோரைக் கையில் கொடுத்துவிட்டு, தன் வீட்டு நீலத் தகரக் கதவைத் தட்டிக் காட்டினாள்.

"நம்பரு இங்கதான எழுதணும் டீச்சரு? நல்லா பெருசா எழுதுங்க. ஒங்கூரு காரவூட்ல கழட்டிப் போட்ட கதவு, நாந்தான் கேட்டு வாங்கிச் சுமந்தாந்து மாட்டுனேன்."

"நீங்க எந்த மாவட்டம்மா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "அத நீங்கதான் சொல்லணும். நான் வாக்கப்பட்டு வந்தப்ப இது திருச்சி. மூத்தவ பொறந்தப்ப பெரம்பலூரு. அடுத்தவ பொறந்தப்ப அரியலூருன்னாங்க. அவ பேசக் கத்துக்கறதுக்குள்ள திரும்ப பெரம்பலூருன்னாங்க. அப்புறம் மறுபடியும் அரியலூரு. நான் இந்த எடத்த வுட்டு ஒரு அடி நவுரல டீச்சரு."

மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். "உங்க பிளாக் ஓடையோட முடியுது. அது அரியலூர் தலைவலி, விட்டுட்டு வாங்க," என்றார். ஓடைதான் எல்லை. ஆனால் அந்தப் பாழாய்ப்போன ஓடை ஒரு பெருவெள்ளத்தில் இடம் மாறிவிட்டது. எங்கள் பக்கக் கணக்குப் புது ஓடையோடு நின்றுவிடும். அரியலூர்க் கணக்கு அதற்குக் கிழக்கே இருக்கிற பழைய ஓடையிலிருந்துதான் ஆரம்பிக்கும். ஓடைமேடு இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

வெயில் மண்டையைப் பிளந்தது. இன்னும் நாற்பது வீடு பாக்கி. "அரியலூர்லேருந்து வந்து எழுதுவாங்கம்மா, போ," என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டங்களை ரப்பரால் அழித்தேன். வெறுமனே விட்டால் ஏன் வெறுமை என்று கேட்பார்கள் என்று, நல்ல படத்தில் 'குடியிருப்பு இல்லை' என்று எழுதியும் வைத்தேன். படம் அழகாக இருக்கிறதென்று கிராம நிர்வாக அலுவலர் ஜெராக்ஸ் எடுத்து வெள்ள காலக் கோப்பில் வைத்துக்கொண்டார். எனக்கு அதில் பெருமை வேறு.

"டீச்சர், நேரமில்ல," என்றார் பிரேம்குமார்.

"ஆள் இருக்காங்க சார்," என்றேன்.

"என்னது?"

"ஓடைமேடுன்னு பேரு. காட்டுக்குள்ள இருக்கு. ஜனங்க இருக்காங்க, புள்ளைங்க இருக்கு. நான் பாத்துட்டுத்தான் இல்லன்னு எழுதுனேன். தப்பு என்னுது."

அய்யம்பெருமாள் குடையை நிமிர்த்தினார். "வெற்றி, ஒன் வூடும் மேக்கதாம்மா இருக்கு. ஒன் மாமியா கட்டில்ல கெடக்கு. யோசிச்சுப் பேசு."

"எனக்கு யோசிக்கத் தெரியும் மாமா. நீங்க அந்தக் குடைய மடக்கிட்டு மூட்ட தூக்குங்க," என்றேன். என் வாய் அப்படித்தான்.

பிரேம்குமார் என்னைத் திட்டவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது. மேற்கே திரும்பி, மூட்டை அடுக்குகிறவர்களைப் பார்த்தார். "நாப்பது நிமிஷம் தாங்கும்னு எஞ்சினியர் சொன்னாரு. அதுல அஞ்சு போயிடுச்சு. ஓடுங்க."

ஓடினேன். என் தோள்பை முதுகில் அடிக்க அடிக்க ஓடினேன். கிழக்குக் கோடியில் கரையை விட்டு இறங்கியதும் முழங்கால் வரை சேறு. ஓடைமேட்டில் வாசலுக்கு வாசல் தண்ணீர் ஏற்கெனவே நின்றது. வேம்பு அடுப்பைக் கட்டில் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கரைய வெட்டப் போறாங்கக்கா! இந்தப் பக்கமா! எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல வாங்க!"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோடையில் 'ம்மா' என்று சொன்னவள் இன்றைக்கு 'அக்கா' என்கிறாளே என்று நினைத்திருப்பாள். "யாரக் கேட்டு வெட்டுறாங்க? நாங்க இருக்குறது தெரியாதா?"

"தெரியாது. நான்தான் எழுதாம விட்டேன்."

"அடிப்பாவி," என்றாள். திரும்பி நின்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள். அந்தக் குரலுக்குக் கூரைக்குக் கூரை ஆட்கள் வெளியே வந்தார்கள். ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள், கைக்குழந்தைகளைத் துண்டால் முதுகில் கட்டினார்கள். சமையல் சிலிண்டரைத் தூக்கப்போன ஒருத்தனை வேம்பு முதுகில் ஒன்று வைத்துக் கரைக்கு விரட்டினாள். கடைசியாக அவள் வந்தபோது அந்த நீலத் தகரக் கதவைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தாள்.

"கதவு எதுக்குக்கா இப்ப!" என்று கத்தினேன்.

"நீ உன் வேலையப் பாரு," என்றாள். கதவுக்குக் கீழே மூன்று சின்னப் பிள்ளைகள் நனையாமல் நடந்து வந்தன.

கரைமேல் எல்லாரும் ஏறி, ஜேசிபியைத் தாண்டி மேற்கே வந்து நின்றபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பிரேம்குமார் ஓடி வந்தார். "எல்லாரும் வந்தாச்சா? மொத்தம் எத்தன பேர்?"

என்னைத்தான் கேட்டார். பதினெட்டு வருடமாகத் தினம் காலையில் ஆஜர் எடுக்கிறவள் நான். ஒரு பிள்ளை குறைந்தால் வகுப்பில் நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிடும். இங்கே நாற்பது தலைக்கு மேல் மழையில் நிற்கிறது, எத்தனை இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அரியலூரில் கேட்டாலும் தெரியாது, பெரம்பலூரில் கேட்டாலும் தெரியாது. உலகத்தில் எந்தக் காகிதத்திலும் அந்தக் கணக்கு இல்லை. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"அவங்களுக்கு என்னா தெரியும்? நான் எண்ணுறேன்," என்று வேம்பு கதவைக் கீழே வைத்தாள். "கூறு வாங்குற மாரி நில்லுங்கடா!"

ஓடைமேட்டில் கிடா வெட்டினால் கறியைக் கூறு போடுவது வேம்பு. வீட்டுக்கு ஒரு கூறு. எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று வரிசை உண்டு, அந்த வரிசை மாறாது. ஜனங்கள் சடசடவென்று வீடு வீடாகப் பிரிந்து நின்றார்கள். வேம்பு ஒவ்வொரு வீடாகத் தொட்டுக்கொண்டே போனாள். "ராசாங்கம் வூடு, அஞ்சு பேரு, இருக்கு. செல்வம்மா வூடு, நாலு. ஒருத்தியக் கட்டிக்குடுத்தாச்சு, மூணு, இருக்கு." கடைசி வீட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். "போன ஞாயித்துக்கெழம பதினோரு கூறு போட்டேன். பதினோரு வூடும் நிக்கிது. நாப்பத்தாறு பேரு. சுத்தமா சரி."

பிரேம்குமார் மூச்சு விட்டார். மேற்கிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. "மண்ணு எறங்குது! சார், எறங்குது!" அவர் ஜேசிபிக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஜேசிபியின் கை மேலே எழுந்தது.

நான் அதற்குள் பையிலிருந்து நோட்டை எடுத்திருந்தேன். எதற்காக எடுத்தேன்? பெயரை இப்போதாவது எழுதிவிட வேண்டும் என்றுதான். ஈரக் கையால் புரட்டியபோது கோடையில் வரைந்த அந்தப் பக்கம் வந்தது. ஓடைக்குக் கிழக்கே, ரப்பர் போட்ட இடத்தில், நான் அழுத்தி வரைகிறவள் என்பதால், கட்டங்களின் தடம் தாளில் பள்ளமாக அப்படியே இருந்தது. விரலை வைத்து எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

பன்னிரண்டு.

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் என் தொண்டையே கிழிந்தது. "நிறுத்துங்க சார்! வீடு பன்னெண்டு! பதினொண்ணு இல்ல!"

"எந்தக் கணக்கு டீச்சர்? அவங்களே சரின்னு சொல்றாங்க!"

"நான் கண்ணால பாத்துப் போட்ட கட்டம் சார். தெக்கால, பழைய ஓடை ஓரமா, தனியா ஒண்ணு."

வேம்பு என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கட்டத்தைப் பார்த்ததும் எது யார் வீடு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் அவள் விரல் நின்றது. வாய் கோணியது.

"அய்யய்யோ. சாமிக்கண்ணு."

"யாரு?"

"மாலை போட்டிருக்கான், டீச்சரு! கார்த்திகை ஒண்ணாந்தேதியே மலைக்கு மாலை போட்டுட்டான். கறி திங்க மாட்டான்னு இந்தத் தடவ அவனுக்குக் கூறு போடல. கூறு வரிசயில எண்ணுனனே! வரிசயில அவன் இல்லயே!"

சாமிக்கண்ணு தனி ஆள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி நிற்கிற ஷெட்டில் இரவுக் காவல். பகலில் வந்து தூங்குவான். விரதம் என்பதால் இப்போது யார் வீட்டு வாசலுக்கும் வருவதில்லை, தானே பொங்கித் தானே சாப்பிட்டுக்கொண்டான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது, தூங்குகிற ஒரு ஆள் கீழே இருக்கிறான் என்பது மட்டும்.

"பத்து நிமிஷம்," என்றார் பிரேம்குமார். "அதுக்கு மேல என்னால முடியாது டீச்சர். அங்க நானூறு வீடு இருக்கு. பத்து நிமிஷத்துல நீங்க மேல இருந்தாலும் கீழ இருந்தாலும் வெட்டுவேன்."

வேம்பும் நானும் சறுக்கிக்கொண்டே இறங்கினோம். இப்போது தண்ணீர் தொடை வரை. கருவேல முள் என் காலைக் கிழித்ததுகூடத் தெரியவில்லை. 'கட்டிலில் கிடக்கிற மாமியாருக்கும் இவனுக்கும் நடுவில் நீ யாரைப் பார்க்கிறாய்' என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே வந்தது. வாயை மூடு என்று அதை அதட்டிக்கொண்டு ஓடினேன்.

குடிசையின் படலை வேம்பு ஒரே உதையில் தள்ளினாள். கருப்பு வேட்டியை இழுத்துப் போர்த்துக்கொண்டு, கயிற்றுக் கட்டிலில், தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, அந்த மனிதன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மழைச் சத்தத்தில் எங்கள் கூப்பாடு எதுவும் அவன் காதில் விழவில்லை.

வேம்பு தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் திடுக்கிட்டு விழித்து, "தொடாதீங்கக்கா, மாலை போட்டிருக்கேன்," என்றான்.

"எந்திரிடா சாமி! ஏரி வருது!"

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது என்றால் நம்புவீர்களா? சிரித்தேனா அழுதேனா தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனை இழுத்துக்கொண்டு வந்தோம். கரைச் சரிவில் நான் இரண்டு முறை வழுக்கிக் கீழே போனேன். மேலே இருந்து ஒரு கை நீண்டது. பிடித்துக்கொண்டு ஏறிய பிறகு பார்த்தால் அய்யம்பெருமாள். குடையைக் காணோம். சட்டையெல்லாம் மணல் மூட்டைச் சேறு. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

"வெட்டுங்க!" என்றார் பிரேம்குமார்.

ஜேசிபி மூன்று முறைதான் அள்ளியது. நான்காவதைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய வாய் திறந்து, கருவேலங்காட்டை வேரோடு சாய்த்துக்கொண்டு போனது. கூரைகள் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் கூரைகள் தெரியவில்லை. மேற்கே மண் இறங்குவது நின்றுவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். ஓடைமேட்டு ஜனம் ஒரு சத்தமும் போடாமல் பார்த்துக்கொண்டு நின்றது. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மூன்று மணிக்கு எல்லாரும் என் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஊரிலிருந்து சாம்பார் சாதம் வந்தது. பிரேம்குமார் என் மேசையில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். "உயிர்ச்சேதம் இல்ல சார். வீட்டுச் சேதம்..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தார். போனைக் கையால் மூடினார்.

"ரெக்கார்டுல அங்க வீடே இல்ல டீச்சர். இல்லாத வீடு இடிஞ்சதுன்னு நான் எப்படி எழுதறது? நஷ்டஈடு, மனை எதுவும் கிடைக்காது. பாத்துட்டுத்தான் விட்டேன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா நான் சேத்துக்குவேன். ஆனா உங்க மேல நடவடிக்கை வரும். சஸ்பெண்டுகூட ஆகலாம். நல்லா யோசிச்சுக்குங்க."

"காலையிலேருந்து எல்லாரும் என்னை யோசிக்கவே சொல்றீங்க," என்று நோட்டில் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பினேன். எழுதினேன். பதினோராவது வரியில் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து அவரிடம் நீட்டினேன்.

நிமிர்ந்தால் வேம்பு. அந்த நீலக் கதவை என் மேசைமேல் சாய்த்து நிறுத்தினாள். சேறு வழிந்து பிரேம்குமாரின் கோப்பில் சொட்டியது.

"நம்பரு போடு டீச்சரு."

"வீடே போயிடுச்சேக்கா," என்றேன். "என்னை மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு கெடக்கட்டும். நம்பரு போடு. கதவு இருக்குல்ல."

கரும்பலகையில் கோடு போட வாங்கிய வர்ண டப்பாவில் கொஞ்சம் வெள்ளை மீதி இருந்தது. தூரிகையைத் தோய்த்து, அவள் கேட்டதுபோலவே பெரிதாக, ஒன்று என்று போட்டேன். பக்கத்தில் 'வேம்பு' என்று எழுதக் கையைக் கொண்டுபோனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரு வேணாம். அவன் பேர எழுது."

சாமிக்கண்ணு சுவரோரம், யார் மேலும் படாமல், தள்ளி உட்கார்ந்து தட்டில் இருந்த சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்னத் திட்டணும்னு நெஞ்சு நெறைய வச்சிருந்தேன் டீச்சரு," என்றாள் வேம்பு. முதல்முறையாக அவள் குரல் இறங்கியது. "கரமேல நாப்பத்தாறு பேரு, சுத்தமா சரின்னு சொன்னேன் பாரு. அதோட வாயடச்சுப் போச்சு. நானும்தான் ஒருத்தன வுட்டுட்டு எண்ணியிருக்கேன்."

ஒன்று என்பதற்குப் பக்கத்தில் 'சாமிக்கண்ணு' என்று எழுதினேன். வர்ணம் வழியாமல் இருக்க வேம்பு கதவைப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு யாரு?" என்று கேட்டேன்.

"இப்ப என்னுது எழுது," என்றாள்.